ஒன்பது சிவக்கும் நேரம்

ஆளே இல்லாத அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டினால் எப்படி இருக்கும்? அந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குத் தீனதயாளனுக்கு அப்படித்தான் இருந்தது. கணினித் திரையின் கீழ்ப்பட்டையில், ஓரத்தில், ஒன்பது என்ற எண் சிவப்பாக எரிந்தது. அழுத்திப் பார்த்தான். ஒன்பதில் ஒன்றுமே இல்லை.

அது நடக்கக் கூடாத காரியம். அவன் கணினியில் ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்காது. அண்ணன் தம்பிகள் வரப்பு போட்டு நிலம் பிரித்துக்கொள்வதைப் போல, புதிதாக ஒன்று திறந்தால் ஏற்கெனவே இருப்பது ஒதுங்கிப் பாதி இடம் கொடுக்கும். திரைக்குள் இப்படி ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது அறைகள். ஏதாவது ஓர் அறையில் இருக்கும் ஜன்னல் ‘அவசரம், என்னைப் பார்’ என்று கூப்பிட்டால் அந்த அறையின் எண் சிவக்கும். ஜன்னல் இல்லாத அறையின் எண் பட்டையில் தெரியவே தெரியாது. அப்புறம் எது சிவப்பது?

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு, கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்ப்பவன் தீனதயாளன். மனைவி ராதிகா கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். திங்கள் விடியலில் பஸ் ஏறினால் வெள்ளிவரை அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கல். சனி, ஞாயிறு மட்டும் வீடு. அவள் பை திறந்ததும் ஈரக் கடுக்காயும் தேனும் கலந்த ஒரு மலை வாடை வீடு முழுக்கப் பரவும். ஒரு காலத்தில் அவனுக்குப் பிடித்த வாடை. இந்த ஒரு வருடமாக அதற்குள் இன்னொருவனின் சென்ட் இருக்கிறதா என்று மூக்கு தேடத் தொடங்கியிருந்தது.

இன்னொருவன் என்றால் சிவசங்கர். அதே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவன். கார் வைத்திருந்தான்.

“சிவசங்கர் சார் வண்டிலியா வந்த?” என்று போன சனிக்கிழமைகூடக் கேட்டான்.

“இல்ல, ஹெலிகாப்டர்ல வந்தேன். மொட்டமாடில எறக்கி வுட்டாங்க.” புடவை முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள் ராதிகா. “பஸ்ஸு வரல. அவுரு எறக்கி வுட்டாரு. இன்னா இப்போ?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

“நீங்க சும்மா கேக்கறது, வாரண்ட்ட கையில வச்சிக்கினு கேக்கற மாதிரி இருக்குதுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்குள் அவள் போன் கிணுகிணுத்தது. பாதிச் சிரிப்பு அவனுக்கு, மீதிப் பாதி போனுக்குப் போனது. அந்த மீதிப் பாதியைத்தான் அவனால் செரிக்க முடியவில்லை.

மறுநாள் அவள் தலைக்குக் குளிக்கப் போன கால் மணி நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் போனைத் தன் கணினியோடு கண்ணுக்குத் தெரியாத கயிற்றால் கட்டினான். அவளுக்கு வருவதெல்லாம் இனி அவனுக்கும் வரும். மாமியார், பேங்க், ஆஸ்பத்திரி குரூப், இவையெல்லாம் சத்தமில்லாமல் போகட்டும். வேறு யார் கூப்பிட்டாலும் ஒன்பதாம் அறையில் ஜன்னல் திறந்து, எண் சிவக்கட்டும். இதுதான் அவன் எழுதிய விதி.

திங்கள் சிவந்தது. செவ்வாய், அதே ஐந்து நாற்பது. புதனும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அவன் அழுத்திப் போய்ப் பார்ப்பதற்குள் அறை காலி. வேறு ஒருவனாக இருந்தால் விதியில் ஏதோ பிழை என்று விட்டிருப்பான். தீனதயாளனுக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. சிவசங்கர் ஏதோ அனுப்புகிறான், அவள் பார்த்ததும் அழித்துவிடுகிறான். தினம் ஒரே நேரத்தில். ஆஸ்பத்திரி பூட்டும் நேரத்தில். எவ்வளவு பழகியிருந்தால் இவ்வளவு துல்லியம் வரும்!

வியாழன் மத்தியானம் விதியைத் திறந்தான். கூப்பிடும் ஜன்னலை என்ன செய்வது என்று சொல்லும் இடத்தில் ‘அர்ஜென்ட்’ என்று இருந்தது. சிவந்துவிட்டுக் காத்திரு என்று பொருள். அதை அழித்து ‘ஃபோகஸ்’ என்று போட்டான். இனி சிவந்து காத்திருக்காது. கூப்பிட்ட நொடியில் திரையே அங்கே தாவும். போன் அழைப்பாக இருந்தால், அவள் போனில் மணி அடிப்பதற்கு முன்னால் இவன் கணினியே எடுத்துக்கொள்ளும். முதல் கூப்பாட்டுக்கே பதில்.

மழை மூன்று மணிக்கே பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் விழும் சத்தம், சாலையில் மினிபஸ் சேற்றைக் கிழித்துப் போகும் சத்தம், ஜன்னல் கம்பியில் சொட்டும் சத்தம் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிக்கொண்டு, ஆறிப்போன டீயின் மேல் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு, விளக்குகூடப் போடாமல் திரை வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தான். ஐந்து முப்பத்தெட்டு. ஐந்து முப்பத்தொன்பது.

திரை தாவியது.

ஒன்பதாம் அறை. நடுவில் ஒரு கறுப்பு ஜன்னல். அழைப்பவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அழைப்பைக் கணினி எடுத்துவிட்டிருந்தது. ஸ்பீக்கரில் மழை. அந்த மழை, வெளியே பெய்யும் மழை இல்லை. தகரத்தில் விழாத, இலையில் மட்டுமே விழும் கனத்த மழை. அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

“ராதிகா.”

ஆண் குரலா, பெண் குரலா? தெரியவில்லை. ஆனால் அவன் காது முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தது.

“யார்ரா அது? எம் பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்புடறவன்?”

மழை மட்டும். பிறகு, பால்வாடிக் குழந்தை எழுத்துக்கூட்டுவது போல, மெதுவாக:

“யார்... ரா. எம்... பொண். எம் பொண்டா. எம் பொண்டாட்டி.”

கடைசிச் சொல்லுக்கு வரும்போது அது தீனதயாளனின் குரலாகியிருந்தது. கரகரப்பு, மூக்கடைப்பு, ‘ட்டி’யில் விழும் அழுத்தம், எல்லாமே.

ஜன்னல் மூடிக்கொண்டது. வீட்டுக்குள் ஈரக் கடுக்காய் வாடை அடித்தது. அவள் பை இங்கே இல்லை.

பயந்திருக்க வேண்டும். அவனுக்குக் கோபம்தான் வந்தது. கேலி பண்ணுகிறான், மிமிக்ரி! ராதிகாவுக்குப் போன் போட்டான்.

“அவன் அங்க இருக்கானா?”

“இன்னாங்க? யாரு?”

“சிவசங்கர்.”

“அவுரு தங்கச்சி கல்யாணம்னு உளுந்தூர்பேட்ட போயி நாலு நாளாவுது. திங்கள்லேருந்து லீவு. ஏன், உங்குளுக்கு மாத்திர வேணுமா?”

நாலு நாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

“நீ... எங்க இருக்க?”

“குவார்ட்டர்ஸ்லதான். பெருக்கற செல்லியம்மாள் இப்பத்தான் கெளம்பிச்சு. மழ, கண்ணு தெரியாத மஞ்சு. கரண்டும் இல்ல.” கொஞ்சம் தயங்கினாள். “ஒண்ணு சொல்லட்டா? சிரிக்கக் கூடாது. இந்த வாரம் பூரா ஆஸ்பத்திரி பூட்டிட்டு வந்ததும் வெளிய எம் பேரச் சொல்லி யாரோ கூப்புடறாங்க. ஒரே ஒரு தரம். செல்லியம்மாள்கிட்ட சொன்னேன். பொழுது சாயறப்ப ஒரு தரம் கூப்ட்டா வாயே தெறக்காத, மனுசனா இருந்தா மூணு தரம் கூப்புடுவான், ஏன்னு கேட்டுட்டா அது வூட்டுக்கு வந்துடும்னுச்சு. நானும் கம்முனு இருந்துட்டேன். இன்னிக்கு என்னமோ கூப்புடவே இல்ல. அதுக்கே போரடிச்சிடுச்சு போல.”

அவள் சிரித்தாள்.

இன்றும் கூப்பிட்டது. ஏன் என்று கேட்டவன் இங்கே இருக்கிறான்.

“ராதிகா. கதவ சாத்து. தாப்பாள் போடு.”

“சாத்திதாங்க இருக்குது.”

“யார் வந்தாலும் தெறக்காத. நானே வந்தாலும்.”

“ஏன்? யாரு வரப் போறாங்க? உங்குளுக்கு எப்டித் தெரியும்?”

சொல்லிவிட வேண்டியதுதான். உன் போனைக் கட்டி வைத்திருக்கிறேன். நாலு நாளாக உன்னை வேவு பார்க்கிறேன். உனக்கு வந்த குரலுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். மூன்றே வாக்கியம். நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இந்தக் குடித்தனம் இன்றோடு சரி. அவள் முகம் எப்படி மாறும் என்று தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா? ஒன்றரை மணி நேரம், இந்த மழையில் இரண்டு.

“ஏங்க? இருக்கீங்களா?”

அவன் வண்டிச் சாவிக்காக மேசையைத் துழாவினான்.

அந்தப் பக்கம் கதவு தட்டும் சத்தம். மெதுவாக, பழகிய கை.

“ராதிகா, நாந்தான்.”

அவன் குரல்.

“அட!” என்றாள் ராதிகா. “வாசல்ல நின்னுக்கினுதான் போன் பேசறீங்களா? இன்னா வெளயாட்டு இது?”

“அது நான் இல்ல! நான் வூட்டுல இருக்கேன்! கள்ளக்குறிச்சில!”

அவள் குழம்பி நிற்பது தெரிந்தது. கதவுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் மறுபடி வந்தது. தணிந்து, உடைந்து, அவன் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பேசியிராத தொனியில்.

“உம்மேல சந்தேகப்பட்டுட்டேன் ராதிகா. உம் போன ஒளிஞ்சிருந்து பாத்துக்கினு இருந்தேன். தப்புதான். நேர்ல சொல்லணும்னுதான் பஸ் ஏறி வந்துட்டேன். மன்னிச்சிடு.”

போனில் அவள் மூச்சு விம்மியது.

“தெறக்காத! ராதிகா!”

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

திரை தாவியது. அவன் தொடவில்லை. ஒன்பதாம் அறையில் ஒரு ஜன்னல், அதற்குள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் குவார்ட்டர்ஸ். போன் அலமாரியில் சாய்ந்திருக்கிறது போல. ராதிகாவின் முதுகு தெரிந்தது. அவளுக்கு எதிரே, சொட்டச் சொட்ட நனைந்து, அவன்.

அதே நீலச் சட்டை. இப்போது அவன் போட்டிருக்கும் சட்டை.

அவள் துண்டை எடுத்து அதன் தலையைத் துவட்டினாள். ஏதோ திட்டினாள். திட்டிக்கொண்டே சிரித்தாள். முழுச் சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்தது. அத்தனை பயத்துக்கு நடுவிலும் அந்தச் சிரிப்பு தனக்கு இல்லையே என்று தீனதயாளனின் அடிவயிறு எரிந்தது.

“ராதிகா!” என்று கத்தினான்.

அவள் திடுக்கிட்டுப் போன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ போன்ல யாருங்க அது? உங்க குரல் மாதிரியே...”

“தெரியல,” என்றது அது. அவள் தோளில் கை வைத்தது. “ஒரு தரந்தானே கூப்புட்டுச்சு? பதில் சொல்லாத.”

“ராதிகா!” இரண்டாவது முறை. தொண்டை கிழிந்தது.

அவள் முகம் வெளிறியது. அலமாரியை நோக்கி வந்தாள். கண்கள் இவ்வளவு அருகில். அந்தக் கண்களில் அவனைப் பார்த்து அவ்வளவு பயம். மூன்றாவது முறை கூப்பிட வாயைத் திறந்தான். அதற்குள் அவள் விரல் நீண்டு அழைப்பைத் துண்டித்தது.

சத்தம் நின்றது. ஜன்னல் மட்டும் மூடவில்லை.

மெழுகுவத்தி பாதி எரிந்திருந்தது. ராதிகா அதன் மார்பில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அது அவள் தலையைத் தடவிக்கொடுத்தது. தடவியபடியே அவள் தோளுக்கு மேலாகத் திரைக்குள்ளிருந்து தீனதயாளனைப் பார்த்தது. அதன் வாய் மெல்ல அசைந்தது. சத்தமில்லாமல், பொறுமையாக, எழுத்துக்கூட்டி, அடுத்த பெயரைப் பழகிக்கொண்டிருந்தது.

தீ. ன. த.