காற்று நின்ற இருபது நிமிடம்

"பார்ட்னர், எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு கீழ இறங்கு!"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு மொட்டைமாடியில் லேசரோடு நின்றவன் சிரித்தான்.

"என்ன டாக்டரம்மா, ஆராய்ச்சியே முடியல, அதுக்குள்ள அதிகாரமா?"

அங்கிருந்து புறப்படும் சிவப்புக் கதிர், கூரைகளுக்கு மேலாக மிதந்து வந்து, அவளுடைய ஒன்பதாம் மாடி அறை ஜன்னலில் நுழைந்து, அவள் தோளை உரசுவதுபோல் கடந்து, எதிரே மேசையிலிருந்த கருவியின் கண்ணாடியில் விழும். வழியில் சூடான காற்று கலக்குவதால் ஒளி தாறுமாறாகத் துடிக்கும். அந்தத் துடிப்புகளை ஒரு புள்ளியியல் மாடலுக்குள் அடக்குவதுதான் மூன்று வருடமாக அவள் பிழைப்பு. அதற்குள் சிநேகிதிகள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அக்காவும்தான். பேச்சுத்துணைக்கு மிஞ்சியது போனில் கேட்கும் இந்தக் கிண்டல் குரல் ஒன்றே.

சூரியன் விழும்போது தரையும் காற்றும் ஒரே சூட்டுக்கு வரும். ஒரு இருபது நிமிடம் ஒளி அசையாமல் நிற்க வேண்டும். இன்றும் நின்றது. பிறகு, தார் வாசனையும் யாரோ துணி துவைத்த சோப்பு வாசனையும் ஜன்னல் வழியே கசிந்துகொண்டிருந்த அந்த அமைதியில், திரையிலிருந்த கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, சற்றே நின்று, மறுபடி ஏறியது. நிமிடத்துக்குப் பதினான்கு தடவை. எந்த மாடலிலும் காற்று இப்படி ஆடாது.

இப்படி ஆடுவது மூச்சு.

கண்ணாடியில் விழும் ஒளித்திட்டுகளின் அளவை வைத்து, கலக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று சொல்லும் புரோகிராம் அவன் எழுதியது. முதலில் ஆயிரத்து நூறு மீட்டர் காட்டியது. அப்புறம் எழுநூறு. இப்போது நூற்றுத் தொண்ணூறு.

"ஏதோ ஒண்ணு கதிரைப் புடிச்சுக்கிட்டே உன் பக்கம் வருது. விளையாடல. இறங்கு."

"பறவையா இருக்கும்பா."

"பறவை மூச்சு விட்டுக்கிட்டு ஊர்ந்தா வரும்? நூத்து இருபது! ஓடுடா!"

குரலில் இருந்த நடுக்கம் அவனைத் தொட்டிருக்க வேண்டும். போனில் இரும்புப் படிகள் தடதடத்தன. ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. நாற்காலியில் அவள் உடம்பு தளர்ந்தது. அப்பாடா, பிழைத்தான்.

"இறங்கியாச்சு தாயே. போதுமா?" மூச்சிரைத்தான். "இப்ப எவ்வளவு?"

"நாப்பது. உன் மாடியை நெருங்கிடுச்சு."

"என் மாடியையா?"

"லேசர்லருந்து நாப்பது மீட்டர்தானே?"



இருபத்தைந்து.

தெருவில் ஹாரன் சத்தம் அடங்கியது. நாய் ஒன்று பாதிக் குரைப்பில் நிறுத்திக்கொண்டது.

பதினொன்று.

சோப்பு வாசனை போயிருந்தது. ஈர மண் வாசனை.

ஆறு.

"ஏய்..." அவன் குரல் உடைந்தது. "நான் உன்கிட்ட சொல்லவே இல்லையா? அந்தத் தூரம் லேசர்லருந்து இல்ல. உன் கருவியிலருந்து."

இரண்டு.

அவள் திரும்பவில்லை.

எதிரே, கருவியின் கண்ணாடியில் வெள்ளையாக ஆவி படிந்தது. விலகியது.

மறுபடி படிந்தது.