இரண்டு ஐம்பத்திரண்டு வரை ஓடிய மெஷின்

போன் அடித்தது.

சின்னவள் எடுக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் அலுவலகத்தின் சர்வர் அலமாரிக்குள் இருந்தன.

நின்றது. மறுபடியும் அடித்தது. மூன்றாவது முறை ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க மாமா."

"அக்கா போயிட்டா."

"எங்க?"

கேட்ட கேள்வி எவ்வளவு அபத்தம் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"எப்போ மாமா?"

"கரண்ட் போச்சில்ல... அப்ப. நீ மாட்டின யுபிஎஸ் வேலை செய்யல."

போன் வைக்கப்பட்டது.

சின்னவள் அழவில்லை. அலமாரிக் கதவை மூடினாள். நான்கு ஸ்க்ரூவையும் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கினாள். வருகைப் பதிவேட்டில் வெளியேறும் நேரம் எழுதினாள். 3.20. கையெழுத்துக்கூட கோணவில்லை.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் செருப்பு மாறியிருப்பதைக் கவனித்தாள். இடது காலில் யாருடையதோ.

*

கீழே பல் ஆஸ்பத்திரி. மேலே வீடு. பல் டாக்டர்தான் அக்காவின் கணவர்.

அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய். நான்கு வருடமாகக் கட்டில். கட்டிலுக்குப் பக்கத்தில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். அது நின்றால் அக்காவும் நின்றுவிடுவாள்.

நின்றுவிட்டாள்.

பார்க்க வந்த குடும்ப டாக்டர் சர்டிபிகேட் தரவில்லை. "மெஷின் நின்னு இறந்திருக்காங்க. போலீஸுக்குச் சொல்லிடுங்க" என்று கையைக் கழுவிவிட்டார்.

சின்னவள் பல் ஆஸ்பத்திரி வழியாக மாடியேறியபோது, இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் மிச்சமிருக்கும் முகம்.

"நீங்கதான் தங்கச்சியா?"

"ஆமா சார்."

"இந்தப் பெட்டிய மாட்டினதும் நீங்கதானா?"

"ஆமா சார்."

குனிந்து பார்த்தாள். மேஜைக்குப் பக்கத்தில் திறக்காத ஸ்பேர் ஆக்சிஜன் சிலிண்டர். மேஜைக்கு அடியில் கறுப்பு யுபிஎஸ். விளக்கு எரியவில்லை. செத்துக்கிடந்தது.

பொத்தானை அழுத்தக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா."

கையை இழுத்துக்கொண்டாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய் அழுத்திய தடம் இன்னும் இருந்தது. ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். எதுவும் தோன்றவில்லை.

"மூணு வாரம் முன்னாடி நான்தான் இவளை மாட்டச் சொன்னேன்" என்றார் பல் டாக்டர். கண்கள் சிவந்திருந்தன. "ரெண்டு மணி நேரம் தாங்கும்னா. நம்பிட்டேன். ரெண்டு நாப்பதுக்கு கரண்ட் போச்சு. நான் கீழ வேலையா இருந்தேன். மூணு மணி வாக்குல மேல வந்து பாத்தா... பெட்டி ஆஃப். மெஷின் ஆஃப். இவ..."

கட்டிலைக் கை காட்டினார்.

"நர்ஸ் எங்க இருந்தாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கதவோரம் நின்ற பகல் நர்ஸ் முன்னால் வந்தாள். "டாக்டர்தான் சார் மருந்து வாங்கிட்டு வரச் சொன்னாரு. ரெண்டரைக்குக் கிளம்பினேன். மூணு பத்துக்குத் திரும்பினேன்."

"நான் யாரையும் அனுப்பலையே சிஸ்டர்" என்றார் பல் டாக்டர் மெதுவாக.

நர்ஸ் படிப்பக்கம் கை காட்டினாள்.

"டாக்டர்... நீங்கதானே படியில நின்னு..."

"நான் கீழ இருந்தேன்மா."

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சின்னவளிடம் திரும்பினார்.

"உங்க பெட்டி ஏன் நின்னுச்சு?"

"தெரியல சார். ட்ரைவரைப் பாத்தா தெரியும்."

"ட்ரைவரா? இதுல ட்ரைவர் வேற இருக்காரா? அவரு எப்ப வந்தாரு?"

"ஆள் இல்ல சார். சாஃப்ட்வேர்."

*

மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சுவர் அலமாரி. உள்ளே புத்தகம் அளவுக்கு, தன் சொந்த பேட்டரியிலும் ஓடும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். மேலிருந்து ஒரு யுஎஸ்பி வயர் இறங்கியது. கீழிருந்து ஒன்று ஏறியது.

"மொத்தம் ரெண்டு யுபிஎஸ்" என்றாள் சின்னவள். அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "மேல ஒண்ணு, அக்கா மெஷினுக்கு. கீழ ஒண்ணு, க்ளினிக்குக்கு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். இந்த ட்ரைவர் அந்த வயர் வழியா பெட்டிங்ககிட்ட கேட்டுக்கிட்டே இருக்கும். கரண்ட் இருக்கா, பேட்டரி எவ்வளவு, எவ்வளவு லோடு இழுக்குதுன்னு. பதிலை நேரத்தோட 'லாக்'னு ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிடும்."

"எனக்கு மெசேஜ் வர்றதுக்குத்தான் அந்த வயர்னு சொன்னே?" என்றார் பல் டாக்டர்.

"அதுக்கும்தான் மாமா."

லேப்டாப்பை இணைத்தாள். திரையில் இரண்டு பத்திகள் விரிந்தன. ஒன்றின் தலையில் 'மாடி'. இன்னொன்றின் தலையில் 'க்ளினிக்'.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 'மாடி'யில் விரல் வைத்தார்.

"இது என்ன... ரெண்டு இருபத்தொண்ணுக்கு லோடு பூஜ்யம்?"

"அந்த யுபிஎஸ்ல மாட்டின எதுவும் அப்புறம் ஓடலைன்னு அர்த்தம்."

"கரண்ட் போனது ரெண்டு நாப்பதுக்கு."

"ஆமா சார்."

"அப்ப, கரண்ட் போறதுக்குப் பத்தொம்பது நிமிஷம் முன்னாடியே யாரோ மெஷினை நிறுத்திட்டாங்க."



இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பி நர்ஸைப் பார்த்தார். "ரெண்டு இருபத்தொண்ணுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"மேலதான் சார்... அவங்க பக்கத்துல..."

"வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. ஆனா மெஷின் ஓடிச்சு சார். நான் கிளம்பறப்பகூட ஓடிட்டுதான் இருந்துது. குழாயைச் சரி பண்ணிட்டுத்தான் போனேன். அவங்க கைய ஆட்டினாங்க சார்..."

நர்ஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்ஸ்பெக்டருடன் வந்திருந்த பெண் கான்ஸ்டபிள் அவள் தோளைப் பிடித்துத் தூக்கிக் கீழே அழைத்துப் போனாள்.

பல் டாக்டர் சின்னவளின் தலையில் கை வைத்தார்.

"உன்னைப் போய் தப்பா சொல்லிட்டேன். பெட்டி மேல குறை இல்ல."

தலையில் ஒரு கனம் இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான்.

"டாக்டர், ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "க்ளினிக் பத்தியும் பாத்துடலாம். ரெண்டு ஐம்பத்திரண்டு வரைக்கும் இருபத்தேழு லோடு இருக்கு. அதுவும் பேட்டரியில. மூணு நாலுக்கு பெட்டியே ஆஃப். அந்த நேரம் பேஷண்ட் இருந்தாங்களா?"

பல் டாக்டர் திரையைப் பார்த்தார். ஒரு நொடி யோசித்தார்.

"பேஷண்ட் அதுக்கு முன்னாடியே போயாச்சு. ஒரு பல் செட்டைத் தேய்ச்சுக்கிட்டிருந்தேன், மோட்டார்ல. கரண்ட் போச்சு, பேட்டரியிலயே ஓட்டினேன். ஆமா... ரெண்டு ஐம்பத்திரண்டு சரியாத்தான் இருக்கும்."

"மூணு நாலுக்கு?"

"நான்தான் யுபிஎஸ்ஸை ஆஃப் பண்ணேன். பேட்டரி வீணாப் போக வேணாமேன்னு. பண்ணிட்டு மேல வந்தேன்."

"இதையே, அந்த இருபத்தேழு லோடையும் சேத்து எழுதிக் குடுத்துடுங்களேன்."

பல் டாக்டர் படியில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து எழுத ஆரம்பித்தார்.

*

சின்னவளின் விரல் கீபோர்டின் மேல் அசையாமல் நின்றது.

மூன்று நாலுக்கு ஆஃப் ஆனது க்ளினிக் பெட்டி என்கிறது திரை. மாடிப் பெட்டி நிற்கவே இல்லை என்கிறது.

ஆனால் மாடிப் பெட்டி செத்துக்கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே வரும்போது க்ளினிக் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததையும் பார்த்தாள்.

எண்களை மேலே தள்ளினாள். மதியம் ஒரு மணி. ஒன்றரை. இரண்டு.

'மாடி': 0, 41, 6, 38, 0, 44...

'க்ளினிக்': 27, 27, 27, 27, 27...

ஆக்சிஜன் மெஷின் ஏறி இறங்காது. மூச்சுபோல ஒரே சீராக இழுக்கும். பல் மோட்டார்தான் விட்டு விட்டு இழுக்கும்.

ட்ரைவரின் அமைப்புக் கோப்பைத் திறந்தாள். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே கம்பெனி எண், ஒரே மாடல் எண். அவற்றைப் பிரித்துக் காட்டும் வரி, பெட்டியின் அடியில் அச்சடித்திருக்கும் சீரியல் நம்பர். அந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் அவளே தட்டிவைத்த ஒரு குறிப்பு இருந்தது.

'சீரியல் - ஞாயிற்றுக்கிழமை வந்து போடணும்.'

மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அக்காவைப் பார்க்கவும் வரவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். பல் டாக்டர் கடைசி வரியை எழுதிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். நேரம் போட்டார். இன்ஸ்பெக்டர் வாங்கிக்கொண்டார்.

"சார்" என்றாள் சின்னவள். "தப்பு என்னோடது."

"என்னம்மா?"

"சீரியல் நம்பர் போடலைன்னா, ட்ரைவர் முதல்ல கண்ணுல படற பெட்டிய முதல் பேர்ல சேத்துக்கும். நான் மாட்டினப்ப வரிசை சரியா இருந்துது. இன்னைக்குக் காலைல ஒம்பது அஞ்சுக்கு இந்தக் கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகியிருக்கு. அப்ப வரிசை மாறிடுச்சு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"நீங்க மேல போங்க சார். அக்கா கட்டிலுக்குக் கீழ... மேஜைக்குக் கீழ இருக்கற பெட்டிய ஆன் பண்ணுங்க. அப்புறம் அதோட யுஎஸ்பி வயரைப் பிடுங்குங்க."

இன்ஸ்பெக்டர் மாடியேறினார். மேலே ஒரு பீப் ஒலி. திரையில் இரண்டு பெயர்களும் பச்சையாக இருந்தன.

"பிடுங்கிட்டேன்மா" என்று மேலிருந்து குரல்.

ஒரு நொடி. இரண்டு நொடி...

'க்ளினிக்: தொடர்பு இல்லை.'

படியிறங்கி வந்த இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"அப்ப இந்த இருபத்தேழு..."

"அக்காவோட மெஷின். ரெண்டு ஐம்பத்திரண்டு வரைக்கும் ஓடியிருக்கு. நிக்கறப்ப பேட்டரி தொண்ணூறு சதவீதம். அதுவா நிக்கல, கையால நிறுத்திருக்காங்க. மூணு நாலுக்குத்தான் பெட்டிய ஆஃப் பண்ணிருக்காங்க, அது தானா செத்த மாதிரி தெரியணும்னு. ரெண்டு இருபத்தொண்ணுக்கு நின்னது க்ளினிக் மோட்டார். சிஸ்டர் சொன்னது உண்மை."

பல் டாக்டர் எழுந்து நின்றார்.

"அவளே சொல்றா, லாக்ல பேர் தப்புன்னு. தப்பான லாக்கை வெச்சு எவன் நம்புவான்?"

"பேருதான் மாமா தப்பு. எண் தப்பில்ல."

"நீ சும்மா இரு. நாலு வருஷமா எங்க இருந்தே? மாசத்துக்கு ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோட வந்து அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போவே. அந்த மெஷின் சத்தம்... காலைல எந்திரிச்சா அது. பல்லைப் பிடுங்கும்போது தலைக்கு மேல அது. சாப்பிடும்போது அது. நாலு வருஷம் கேட்டிருக்கியா நீ?"

"அவளும்தான் மாமா கேட்டா."

பல் டாக்டர் ஒரு படி பின்வாங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டரை ஏன் வெளிய அனுப்பினீங்கன்னு இப்பப் புரியுது" என்றாள் சின்னவள். "அவங்க இருந்திருந்தா ஸ்பேர் சிலிண்டரைத் திறந்திருப்பாங்க. என்னை ஏன் யுபிஎஸ் மாட்டச் சொன்னீங்கன்னும் புரியுது. பழி போட ஒரு ஆள் வேணும். சொந்தத் தங்கச்சின்னா அவ மேல யாரும் கேஸ் போட மாட்டாங்க. அவ அழுதே அடங்கிடுவா."

குரல் உயரவே இல்லை. திரையிலுள்ள எண்களை வாசிப்பதுபோலச் சொன்னாள்.

கீழே நர்ஸ் விசும்புவது கேட்டது. சின்னவள் லேப்டாப்பை மூடிவிட்டு இறங்கிப்போய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கைய ஆட்டினாங்கன்னு சொன்னீங்களே... எப்படி ஆட்டினாங்க?"

நர்ஸ் கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள். மணிக்கட்டு அசையாமல், நான்கு விரல்கள் மட்டும்.

சின்னவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அழுகை வரவில்லை. அந்தக் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

மேலே படித் திருப்பத்தில் பல் டாக்டர் கடைசி முயற்சியில் இறங்கியிருந்தார்.

"ஒரு வக்கீல் வந்தா பத்து நிமிஷத்துல உடைச்சிடுவான். வெறும் சாஃப்ட்வேர். அந்த மெஷின் பக்கத்துல நான் இருந்தேன்னு சொல்ல உங்ககிட்ட யாரு இருக்கா?"

"நீங்கதான் இருக்கீங்க டாக்டர்" என்றார் இன்ஸ்பெக்டர். கையிலிருந்த தாளை விரித்தார். "இருபத்தேழு லோடு இழுத்த மெஷினை ரெண்டு ஐம்பத்திரண்டு வரைக்கும் நானே ஓட்டினேன்... மூணு நாலுக்கு யுபிஎஸ்ஸை நானே அணைச்சேன்... கீழ உங்க கையெழுத்து."

தாளை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்துப் பையில் வைத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு டாக்டரோட கையெழுத்து எனக்குத் தெளிவாப் புரிஞ்சது இதுதான் முதல் தடவை."