பிரம்மதேசத்தில் பெய்த நாற்பத்திரண்டு மில்லி

அன்று திண்டிவனத்தில் மழை பெய்யாது என்று இளவரசிக்கு நன்றாகத் தெரியும். அப்படிச் சொன்ன மென்பொருளை எழுதியவளே அவள்தான்.

அந்த நம்பிக்கையில்தான் தோழியின் நிச்சயதார்த்தத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, குடை எடுக்காமல் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தாள். இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடைத் தகரக் கூரையின் கீழ் நனைந்த கோழியாக நின்றாள்... எதிரில் நின்ற பஸ்ஸின் ஊர்ப்பெயர்கூடத் தெரியாத அளவுக்கு மழை கொட்டியது.

பக்கத்தில் ஒருவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் போனை வைத்துக்கொண்டு, காயப்போட்ட நிலக்கடலை நனைகிற ஆத்திரத்தில் கடைக்காரரிடம் பொரிந்துகொண்டிருந்தான்.

"இத பாருண்ணா. 'இன்று மழை இல்லை'ன்னு செய்தி. இத நம்பி ஊர்ல அத்தினி பேரும் மல்லாட்டைய புடுங்கி காயப் போட்டுட்டாங்க. மத்தியானத்துலேர்ந்து தார்ப்பாய தூக்கிக்கினு ஓடறேன். எவன் எழுதின சாப்ட்வேரோ, பேஜாரு."

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாளா?

"எவனும் எழுதலீங்க. நான்தான் எழுதினேன்."

அவன் திரும்பினான். இமையெல்லாம் மழைத்துளி. அந்தக் கண்களில் கோபம் பாதி வந்து, அவளுடைய பட்டுப்புடவையையும் ஒழுகும் கூந்தலையும் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது.

"விழுப்புரம் ஆபீசு இளவரசியா? நான் தென்னரசு. இங்க பன்னெண்டு ஊரு மழைமானி என் பொறுப்பு. உங்களுக்கு நாலு மெயில் போட்டேன். 'சரிபார்க்கிறோம்'னு நாலு பதிலு வந்துச்சு."

"சரிபாத்துக்கினுதான் இருக்கோம்."

"குடை எடுத்தாராம வந்து பாக்கறீங்களே, அதுலயே தெரியுது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இவனிடம் சிரிப்பதாவது...

இருவருக்கும் சம்பளம் தருவது ஒரே உழவர் கூட்டமைப்புதான். ஆனால் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை. வானத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் நேற்று எவ்வளவு பெய்தது, இன்று எவ்வளவு பெய்யும் என்று எண் போட்ட கோப்பு ஒன்று தினமும் வரும். அதைப் படித்து, ஊர் ஊராகப் பிரித்து, உழவர்களின் போனுக்குச் செய்தி அனுப்புவது இளவரசியின் மென்பொருள். மூன்று வாரமாக அது உளறிக்கொண்டிருந்தது. ஏன் என்றுதான் பிடிபடவில்லை.

பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. தென்னரசு கடையோரம் கிடந்த உரச்சாக்கை உதறி, ஒரு மூலையை உள்ளே தள்ளி, கூம்பு போல அவள் தலையில் கவிழ்த்தான்.

"ஓடுங்க. புடவ போச்சுன்னா அதுக்கும் ஒரு மெயில் போடுவீங்க."

பட்டுப்புடவையும் உரச்சாக்குமாக பஸ்ஸில் ஏறியவளை ஊரே பார்த்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை... ஜன்னல் வழியாக அந்த டீக்கடையை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலை எட்டே முக்காலுக்கு அவன் போன் செய்தான். பன்னிரண்டு ஊர் அளவையும் சொல்வான். அவள் கணினி சொல்லும் அளவோடு ஒப்பிட்டு, கோளாறு எங்கே என்று தேடுவாள். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சு அரை மணி நேரம் போகும். எட்டரைக்கே அவள் விரல்கள் போனைத் தடவ ஆரம்பித்துவிடும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்தப் பெயர் வரும்வரை.

"நீங்க நனஞ்ச அன்னிக்கு பிரம்மதேசத்துல நாப்பத்திரண்டு மில்லி. வேணி சொல்லுச்சு."

"யாரு வேணி?"

"அங்க அளவு எடுக்கிற பொண்ணு. அது எழுதினா தப்பே இருக்காதுங்க."

அது. எனக்கு மட்டும் வாங்க, போங்க... அவள் 'அது'வாம். அவ்வளவு நெருக்கமா?

அடுத்த நாள்: "வேணி காய்ச்சலோட அளந்துச்சு, பாவம்." மூன்று நாளாக எனக்கும்தான் இருமல், போனிலேயே இருமினேனே, காதில் விழவில்லையா? அதற்கடுத்த நாள்: "வேணி கேப்பைக் களி குடுத்தனுப்புச்சு, மல்லாட்டத் துவையலோட." அன்று மத்தியானம் இளவரசிக்குச் சோறு இறங்கவில்லை.

பார்த்திராத ஒருத்தியை மனத்துக்குள் வரைந்து பார்த்தாள். நீளப் பின்னல், சிரித்தால் குழி, மழைமானிக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் ஒரு அழகி... வரைய வரைய வயிறு எரிந்தது.

கோளாறைத் தேட உட்கார்ந்தபோதும் அந்த எரிச்சல் கூடவே உட்கார்ந்தது. பன்னிரண்டு ஊரும் கணினியோடு ஒத்துப்போகவில்லைதான். ஆனால் அவள் கண்ணில் பட்டது பிரம்மதேசம் ஒன்றே. கணினி பூஜ்யம் என்றது; வேணி நாற்பத்திரண்டு என்றாள். நிச்சயதார்த்த நாளின் அளவு அது. தானே அந்த மழையில் நனைந்ததைக்கூட இளவரசி வசதியாக மறந்தாள். திண்டிவனத்தில் பெய்தால் பிரம்மதேசத்திலும் பெய்ய வேண்டுமா என்ன?

மேலாளர் சீனுவாசனுக்கு எழுதினாள்: 'பிரம்மதேச அளவுகள் நம்பத்தகுந்தவையாக இல்லை. அளவு எடுப்பவரை மாற்றலாம்.' அனுப்பிய கையோடு மனம் குளிர்ந்தது. ஒரு மணி நேரம்தான். ஒன்றாம் தேதியிலிருந்து வேறு ஆள் என்று மேலாளர் உடனே உத்தரவு போட்டுவிட்டார்.

தென்னரசு அன்று சாயங்காலமே கூப்பிட்டான்.

"வேணி மேல என்னங்க கோவம் உங்களுக்கு?"

"கோவம் எல்லாம் இல்ல. நம்பர் ஒத்துப் போவல."

"உங்க நம்பரு தப்பா இருக்கக் கூடாதா?"

"என் மென்பொருள உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அந்தப் பொண்ணத் தெரியும்."

அது போதாதா, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற? "அப்ப அதுகிட்டயே பேசிக்கினு இருங்க" என்று வைத்துவிட்டாள்.

அதன்பிறகு ஐந்து காலைகள். எட்டே முக்கால் வரும், போகும். போன் ஒலிக்காது. அளவுகள் மட்டும் மெயிலில் வந்தன, ஒரு வணக்கம்கூட இல்லாமல். கடைசி வரியில், பிரம்மதேச அளவுக்கு நேரே மட்டும் 'அளந்தது: வேணி' என்றிருந்தது.

ஆறாம் நாள் கோலியனூர் வீட்டில் அம்மா தட்டில் வெங்காய வடகம் வைத்தாள்.

"எப்பம்மா போட்ட?"

"நீ நிச்சயதார்த்தத்துக்குப் போனியே, அன்னிக்குத்தான், மாடியில. என்னா வெயிலு. ஒரே நாள்ல பாதி காஞ்சிருச்சு."

இளவரசி வாய்வரை கொண்டுபோன வடகத்தை வைத்துவிட்டு எழுந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். அன்றைய தேதி. கோலியனூர். மென்பொருள் சொன்னது: நாற்பத்தொரு மில்லி மழை.

ஒரு சொட்டு விழாத ஊருக்கு நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு பெய்த ஊருக்குப் பூஜ்யம்...

கோப்பைத் திறந்து முதல் வரியைப் பார்த்தாள். போன மாதம்வரை வந்த கோப்புகள் தெற்கிலிருந்து தொடங்கி வடக்கே போகும். புதிய இடத்திலிருந்து வாங்கத் தொடங்கிய இந்தக் கோப்பு வடக்கிலிருந்து தெற்கே இறங்கியது. மென்பொருள் அது தெரியாமல் பழையபடியே எண்ணியது. மாவட்டமே தலைகீழாக நின்றது. திண்டிவனத்து மழை விழுப்புரத்தில், விழுப்புரத்து வெயில் திண்டிவனத்தில். கடல் மட்டும் கிழக்கிலேயே இருந்ததால் வரைபடத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தன் வீட்டு மாடியை அவளாவது பார்த்திருக்கலாம். அவள்தான் பிரம்மதேசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளே.

ஒரே ஒரு வரியை மாற்றினாள். பன்னிரண்டு ஊரும் ஒத்துப்போயின. வேணியின் அளவு எல்லாவற்றையும்விடக் கச்சிதமாகப் பொருந்தியது.

சத்தமில்லாமல் விட்டுவிடலாம். 'மென்பொருள் மேம்படுத்தப்பட்டது' என்று ஒரு வரி போதும், மானம் தப்பிக்கும். ஆனால் ஒன்றாம் தேதி ஒரு பெண்ணின் வேலை போகும். அந்த முகத்தோடு தென்னரசுவை இனி எப்படிப் பார்ப்பது?

'தவறு என்னுடையது. பிரம்மதேச அளவுகள் முழுக்கச் சரி' என்று எல்லோருக்கும் எழுதினாள். எழுதியது போதவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

பிரம்மதேசத்தில் அவள் போய் இறங்கியபோது எட்டே கால். வேணிக்கு நீளப் பின்னல் இல்லை; நடவுக்குப் போகத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். ஆனால் அழகிதான். பாழாய்ப் போன வயிறு மறுபடியும் எரிந்தது. மழைமானிக்குப் பக்கத்தில் தென்னரசு வேறு நின்றான்.

"நான் இளவரசி. உங்க அளவு தப்புன்னு எழுதினவ. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க."

வேணி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நடவுக்குப் போறவங்க ஏழு மணிக்கே போயிடுவாங்கக்கா. எட்டரைக்கு மழைமானியப் பாத்து எழுதணுமேன்னு நான் தெனம் ஊட்டாண்டயே நிப்பேன். மேஸ்திரி திட்டுவாரு. ஒரு மில்லி கூட கூட்டி எழுதினதில்ல. என்னைக் கண்ணால கூடப் பாக்காம எப்பிடிக்கா எழுதின?"

தென்னரசுவும் அதே கேள்வியோடு அவளைப் பார்த்தான்... அந்தக் கண்களுக்கு முன்னால் இனி எந்த எண்ணையும் காட்டித் தப்பிக்க முடியாது.

"பொறாமை" என்றாள் இளவரசி. "தெனம் காலைல இவரு வாயில உன் பேரு வந்துச்சு. என்னால தாங்க முடியல. அதான் எழுதினேன். வேற காரணம் எதுவும் இல்ல."

வேணி மெதுவாகத் தென்னரசுவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொல்ல மாட்டேன். ஒண்ணாந்தேதியும் நான்தான் அளப்பேன்னு உத்தரவு வாங்கிக் குடு. அப்புறம் சொல்றேன்."

எட்டரை ஆனது. அளவைப் பார்த்து, எழுதி, நோட்டை மூடிவிட்டு அவள் வயலுக்கு நடந்தாள்.

இளவரசியும் தென்னரசுவும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். லேசாகத் தூறியது.

"அத்தினி பெரிய மெயில் எழுதறதுக்கு, ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல? வேணி உங்களுக்கு யாருன்னு."

"கேட்டிருந்தா?"

"நல்லா வேலை செய்யற பொண்ணுன்னு சொல்லியிருப்பேன்."

இளவரசி நின்றாள். "நான் யாருன்னு கேட்டிருந்தா?"

தென்னரசு தரையைப் பார்த்தான். பன்னிரண்டு ஊர் அளவையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பவன் இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தான்.

"அத நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னுதான் தெனம் அரமணி நேரம் இழுத்துக்கினு இருந்தேன்" என்றான். "எங்க வீட்டுல பொண்ணு பாக்கறாங்க. வேணாம், விழுப்புரத்துல ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்லிட்டேன். நீங்க சரின்னு சொல்லலன்னா, நான் பொய் சொன்னவனா ஆயிடுவேன்."

தூறல் அவள் இமைகளில் சேர்ந்தது. அல்லது அது தூறல் இல்லையோ என்னவோ...

"சரி" என்றாள். சொல்லிவிட்டு, அவன் சிரிப்பைப் பார்த்தபின்பும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. வேணிய நெனச்சா எனக்கு இன்னும் எரியுது."

"இனிமே அது பேரையே எடுக்கல. போதுமா?"

"எடுக்காம? அளவு யாரு சொல்றது? தெனம் எடுங்க." அவள் குரல் தழைந்தது. "மொதல்ல என்னை எப்பிடி இருக்கன்னு கேளுங்க. அப்புறம் வேணி என்னா சொல்லுச்சுன்னு சொல்லுங்க."