அகிரி மலையில் ஏறிய கடல்

முளை அடிக்கும் சத்தம் கேட்டு நூபார் கூடாரத்திலிருந்து ஓடி வந்தாள். ஆடுகள் உப்பு நக்கும் கற்களைச் சுற்றி யாரோ கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் தார்கான். நகரத்துக்காரர். பெருவெள்ளத்தில் மிதந்த நூஹ் நபியின் கப்பல் அகிரி மலையில்தான் கரை ஒதுங்கியது என்பார்கள் அல்லவா, அதற்குச் சான்று தேடி வந்திருந்தார். கல்லைத் தொட்டு விரலை நக்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“கடல் உப்பு! இவ்வளவு உயரத்துல! பெருவெள்ளம் இங்க வந்திருக்கு. நாளைக்கு டிவிக்காரங்க வர்றாங்க. அப்புறம் கம்பி வேலிதான். ஒரு ஆடு உள்ள வரக் கூடாது.”

நூபார் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைத் திரும்பிப் பார்த்தாள். புல்லும் ஊற்றும் இந்தப் பக்கம்தான் இருக்கின்றன. வேலி போட்டால் கோடை முழுவதும் ஆடுகள் எங்கே போகும்?

“அண்ணே, அது நாங்க போட்ட உப்பு. சாயங்காலம் ஆட்டுக்கு வைப்போம்.”

தார்கான் சிரித்தார். “கல்லை உடைச்சே பார்த்துட்டேன் பாப்பா. உள்ளேயும் கரிக்குது. நீ வைக்கிற கைப்பிடி உப்பு அவ்வளவு ஆழம் போகுமா? இந்தக் குழிங்களைப் பாரு. அலை அடிச்சு அடிச்சு வந்தது.”

அப்பா சந்தைக்குப் போயிருந்தார். இருந்தவர் ஷெமோ சித்தப்பா மட்டும்தான். அவர் நூபாரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“வாயை மூடு! டிவியில வந்தா சனம் குவியும். நான் டீக்கடை போடப் போறேன்.”

“அப்போ ஆடுங்க? அதுங்களுக்கும் டீ ஊத்துவீங்களா?”

“ஏய், நூஹ் நபியையே நம்ப மாட்டியா நீ?”

“நபியை நம்புறேன் சித்தப்பா. இந்தக் கல்லைத்தான் நம்பல.”

சித்தப்பா தலையைச் சொறிந்தார். நூபார் விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

“அண்ணே, அதோ அந்தக் கல்லையெல்லாம் நக்கிப் பார்த்தீங்களா?”

கயிற்றுக்கு வெளியே, சரிவில் கிடந்த கற்களை அவள் காட்டினாள். அங்கே யாரும் உப்பு வைப்பதில்லை.

“அது எதுக்கு?”

“கடல் வந்திருந்தா எல்லாக் கல்லு மேலயும்தானே ஏறியிருக்கும்?”

தார்கான் போனார். ஒரு கல்லைத் தொட்டு நக்கினார். கரிக்கவில்லை. அடுத்த கல்லில் நாக்கையே வைத்துப் பார்த்தார். மண்தான் ஒட்டியது.

“மழை கழுவியிருக்கும்” என்றார்.

“மழை என்ன, இந்தக் கல்லை மட்டும் விட்டுட்டுப் பெய்ஞ்சுதா?”

தார்கான் குழிகள் இருந்த கற்களுக்கே திரும்பி வந்தார். அவரும் லேசில் விடுகிற ஆளில்லை. “சரி, குழிங்க எப்படி வந்துச்சு? சொல்லு!”

இதை வாயால் சொன்னால் எடுபடாது என்று நூபாருக்குத் தெரிந்தது. உப்பு மூட்டையை இழுத்து வந்தாள். கயிற்றைத் தாண்டிக் குதித்து, ஒவ்வொரு குழியிலும் உப்பு வைத்தாள். பிறகு மேட்டைப் பார்த்துக் கூவினாள்.

“ஹுர்ர்ர்... வா! வா! வா!”

மந்தை மொத்தமும் புழுதி பறக்க இறங்கி வந்தது. கயிறு பட்டென்று அறுந்தது. தார்கான் அலறிக்கொண்டு ஒரு பாறைமேல் ஏறினார். ஆடுகள் முட்டி மோதி இடம் பிடித்து, குழிகளில் வாயை வைத்து நக்கத் தொடங்கின. நாக்குகள் குழிகளுக்குள் அளவெடுத்ததுபோல் பொருந்தின.

தார்கான் வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கி, ஒரு குழியை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

“எவ்வளவு காலமா இப்படி உப்பு வைக்கிறீங்க?”

“எங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் முன்னாடியிலிருந்து. அத்தனை வருஷ உப்பு கல்லுக்கு உள்ளேயும் ஊறியிருக்காதா?”

அவர் முகம் வாடிப்போனது. நூபாருக்குப் பாவமாக இருந்தது.

“கப்பலே இல்லன்னு நான் சொல்லல அண்ணே. நீங்க தேடுங்க. ஏதாவது கிடைச்சா, சுத்துமுத்தும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.”

தார்கான் சிரித்துவிட்டார். போனை எடுத்து டிவிக்காரர்களை அழைத்தார். “நாளைக்கு வராதீங்க சார். ஆமா, தப்பு என்னோடதுதான். என்னவா? ஆடு நக்கின கல்லு சார்!”

போனை வைத்துவிட்டு முதல் முளையைப் பிடுங்கினார். ஷெமோ சித்தப்பா பெருமூச்சு விட்டபடி அடுத்ததைப் பிடுங்கினார்.

கடைசி முளையும் வெளியே வந்த பிறகுதான் நூபார் ஆடுகளுக்கு நடுவே நிம்மதியாக உட்கார்ந்தாள்.