மஞ்சள் மூஞ்சியின் கறுப்புக் கண்ணாடி

"சார்... அந்தக் கம்ப்யூட்டர் மூஞ்சியோட கறுப்புக் கண்ணாடிய நான் கழட்டிக் காட்டுறேன்! மாப்பிள்ளை கெடைச்சிடுவாரு!"

போனில் வந்த குரலைக் கேட்டு இன்ஸ்பெக்டர் அரசப்பனுக்கு டீ புரையேறியது.

"யாரும்மா நீ?"

"பிரவுசிங் சென்டர் சைபுன்னிசா சார். ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புலதான்... எட்டிப் பாருங்க, கை காட்டுறேன்!"

எட்டிப் பார்த்தார். காட்டினாள்!

மரக்காணமே கொதித்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் நிஷாத்துக்கு நிக்காஹ். காலையிலிருந்து ஆளைக் காணோம்! கல்யாணப் பெண் ஆஸிஃபாவுக்கு வந்ததோ ஒரே ஒரு சாட் மெசேஜ். அனுப்பியது யாரென்று தெரியவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

'நிஷாத் உயிரோட இருக்கான் (உப்பு குடோன்'

அதற்கப்புறம் எழுத்தில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிய மஞ்சள் மூஞ்சி ஒன்று இளித்தது!

போதாதா? கடத்தியவன் குடோனில் வேலை பார்க்கும் கறுப்புக் கண்ணாடிக்காரன்! அரசப்பன் உப்பளத்துக்குப் பாய்ந்தார்.

பாய்ந்தவர் திகைத்தார்.

வெயிலில் உப்பு கண்ணைக் குத்துமே... அங்கே அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி!

நாற்பது பேரையும் லாரியில் ஸ்டேஷனுக்கு அள்ளிவந்துவிட்டார். அப்போதுதான் அந்தப் போன்!

"எல்லாம் என் ஆளுங்கதான் சார். நாலு தட்டு தட்டுங்க, கக்கிடுவானுங்க," என்று ஊக்கம் கொடுத்தார் உப்பள முதலாளி சேட்டு. அவரையும் கூட்டிக்கொண்டு அரசப்பன் ரோட்டைத் தாண்டினார். லாரியிலிருந்து நாற்பது தலைகள் எட்டிப் பார்த்தன.

கம்ப்யூட்டர் முன்னால் மருதாணிக் கையோடு ஆஸிஃபா விசும்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா... பொம்மைக்குக் கண்ணாடி கழட்டுவியா? என் மீசையக் கூட கழட்டுவியா?"

"மீசை அப்புறம் சார்!"

சைபுன்னிசா மௌஸை நகர்த்தினாள். ஒரு க்ளிக்!

மூஞ்சியே மாயம்! அந்த இடத்தில்...

8)

"எட்டு... பிராக்கெட்டா?"

"எட்டடிச்சு பிராக்கெட்ட மூடினா, மெஷினே அத கண்ணாடி மூஞ்சியா மாத்திடும் சார். எட்டுதான் கண்ணாடி, பிராக்கெட்டுதான் வாய். படமே காட்டாதேன்னு செட்டிங்ல சொல்லிட்டேன். இப்ப படிங்க!"

'(உப்பு குடோன் 8)'

"யா அல்லாஹ்... எட்டாம் நம்பர் குடோன்!" ஆஸிஃபா அலறினாள்.

சேட்டு வாசலைப் பார்த்து நழுவினார். ஓடினார்!

லாரியிலிருந்து நாற்பது பேரும் குதித்தார்கள்.

"எங்க முதலாளி கெளம்பிட்டீங்க? நாலு தட்டு வாங்கிக்கினு போங்க!"

எட்டாம் நம்பர் குடோனில், உப்பு மூட்டைக்குப் பின்னால், கைகால் கட்டிய நிஷாத்! முதல் வார்த்தையே, "பிரியாணி தீந்துடுச்சா?"

"நாளைக்கு உப்பள ஏலம் சார். இவன் எனக்குப் போட்டியா வந்துடுவான்னுதான்..." பிடிபட்ட சேட்டு பல்லைக் கடித்தார். "எந்தத் துரோகி மெசேஜ் அனுப்புனான்?"

"நான்தான்!"

சேட்டு திரும்பினார். பின்னால் நின்றது அவருடைய சம்சாரம் ஆண்டாள்!

"கம்ப்யூட்டர் கிளாஸ் போய்க் கத்துக்கோன்னு நச்சரிச்சது நீங்கதானே? கத்துக்கினேன்!"

சாயங்காலம் நிக்காஹ் பந்தலில், அரசப்பன் பிரியாணியில் கை வைத்த நேரத்தில் செல்போன் அலறியது. டி.எஸ்.பி!

"யோவ்... கம்ப்யூட்டர் பொம்மையோட கண்ணாடிய ஒரு பொம்பள கழட்டித்தான் கேஸ் முடிஞ்சதாமே? குடிச்சிருக்கியா?"

"இல்லீங்க சார். நானும்தான் நம்பல. ஆனா... நெஜமாவே கழட்டினாங்க. நானே பார்த்தேன்." அரசப்பன் எலும்பைக் கீழே வைத்தார். "நாப்பது பேர் சாட்சி இருக்காங்க சார்... என்ன, ஒருத்தன் கூட கண்ணாடிய கழட்டிட்டுப் பாக்கல!"