பொழி மூடிய படம்

"எங்க லயத்தத் திங்கக்கெழம இடிக்கப் போறாவம்மா. காட்ட நாங்க வெட்டினோமாம்."

கரமனை அக்ரகாரத்தில் துப்பறியும் லலிதாம்பாளின் முன்னறையில் உட்கார்ந்து இதைச் சொன்ன ரத்னாபாய் அழவில்லை. கோபத்தில் கொதித்தாள். பொன்முடி அடிவாரத்து எஸ்டேட்டில் வேலை செய்பவள். பிறந்ததே அந்த லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்தான். கையிலிருந்த, கம்பெனி கொடுத்த அறிக்கையை மேசையில் போட்டாள்.

மாடியில் குடியிருக்கும் லிபி பாய்ந்து எடுத்தாள். செயற்கைக்கோள் படங்களை வைத்து, மலைத்தொடர் முழுக்கக் காடு எப்படித் துண்டு துண்டாக உடைகிறது என்று அளப்பது அவள் ஆராய்ச்சி. லலிதாம்பாளின் வழக்குகளில் மூக்கை நுழைப்பது பொழுதுபோக்கு.

மேசையளவு விரியும் இரண்டு படங்கள், இரண்டும் அக்டோபர் என்று போட்டவை. பழைய படத்தில் காடு ஒரே பச்சை. ஓரத்தில் கொஞ்சம் மேகம். சில வருஷம் கழித்து எடுத்த படத்தில் லயத்துக்குப் பின்னால் ஒரு பட்டை பழுப்பாகி, காடு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"அங்க காடே இல்ல. கம்பெனி நட்ட ரப்பராக்கும் நின்னுது. போன வருசம் கம்பெனியே வெட்டி வித்துட்டு, பழிய எங்க தலைல போடுது. லயம் போனா அங்க பங்களா கெட்டலாம்லா?"

"முத்தின ரப்பரும் மேலேர்ந்து காடு மாதிரிதான் தெரியும், மாமி," என்றாள் லிபி. "பக்ஷே, போன வருஷம்தான் வெட்டினாங்கன்னா, அதுக்கு முன்னாடி எடுத்த இந்தப் படத்தில பச்சையா அல்லே இருக்கணும்?"

லலிதாம்பாள் மலைப்பக்கம் பார்க்கவே இல்லை. லென்ஸைப் படத்தின் கடலோரத்தில் வைத்திருந்தாள். வேளிக் காயல் கடலில் சேரும் வாயான பொழி அங்கே தெரிந்தது.

"பழைய படத்திலே பொழி திறந்திருக்கு. புதுசிலே மணல் மூடியிருக்கு. மேகமும் இல்லை. லிபி, அதுக்கு அடுத்த ஏப்ரல் மாசத்துப் படம் கிடைக்குமோ?"

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு எல்லாரும் கூடினார்கள். இடிப்பு உத்தரவு போட்ட அதிகாரி ஷைலஜா நடுவில். ஒரு பக்கம் எஸ்டேட் மானேஜர் பிரவின்ராஜ், பக்கத்தில் படங்களைத் தயாரித்த வினய்.

"மானேஜர் சார், ஒரு சின்ன சந்தேகம். ரப்பர்லே பால் எடுக்கறதை எப்போ நிறுத்துவேள்?" என்று பணிவாகக் கேட்டாள் லலிதாம்பாள்.

"ஜனவரி கடைசில. இலையெல்லாம் கொழிஞ்சு மொட்டையா நிக்கும் அல்லே?" பிரவின்ராஜ் சிரித்தார்.

"நன்றி. இந்த ரெண்டாவது படத்திலே அக்டோபர்னு போட்டிருக்கு. அப்போ துலாமழை கொட்டற காலம். காயல் பொங்காம இருக்கப் பொழியை வெட்டி விடுவா. இதிலே பொழி மூடிக் கிடக்கு, வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. இது மழை ஓய்ஞ்சப்புறம், ரப்பர் இலை உதிர்ந்த காலத்துப் படம். லிபி, காட்டு."

யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய செயற்கைக்கோள் தொகுப்பிலிருந்து லிபி ஒவ்வொன்றாகத் திரையில் போட்டாள். அந்த அக்டோபர் படங்கள் அத்தனையும் ஒரே மேகம். அதற்கடுத்த ஜனவரிப் படம் புள்ளிக்குப் புள்ளி அறிக்கையில் இருந்ததேதான். கடைசியில் ஏப்ரல் வந்தது. பழுப்புப் பட்டை மறுபடி பச்சையாக நின்றது.

"வெட்டின காடு மூணு மாசத்திலே வளர்ந்து நிக்குமோ? ரப்பர் தளிர்த்திருக்கு, அவ்வளவுதான். போன வருஷத்துப் படத்தைக் காட்டினா, கம்பெனியே மரத்தை வித்த கணக்கு வெளியே வந்துடும்; அதான் அதுக்கு முந்தின படம். கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவருக்கு எந்த மாசம் மொட்டையாகும்னு எப்படித் தெரியும்? தெரிஞ்சவர் இப்போதான் வாயாலே சொன்னார்."

வினய் தலையைக் குனிந்துகொண்டான். "அக்டோபர்ல தெளிவா ஒண்ணும் கிட்டல, மேடம். ஜனவரிப் படத்த எடுக்கச் சொன்னது சார்தான். மாசத்த மாத்திப் போடச் சொன்னதும் சார்தான்."

பிரவின்ராஜ் அறிக்கையை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். லிபிக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. "அங்க காடு எப்பவும் ரெண்டு துண்டுதான், மேடம். நடுவில நின்ன ரப்பரை என் கணக்கிலயும் காடுன்னு சேர்த்திருக்கேன். இன்னிக்கே திருத்தறேன்," என்றாள்.

ஷைலஜா இடிப்பு உத்தரவை அங்கேயே ரத்து செய்தார். மானேஜர்மேல் போலீசுக்கு எழுதச் சொல்லிக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

ரத்னாபாய் லலிதாம்பாளின் கையை இறுகப் பிடித்தாள். வராந்தாவுக்கு வந்து மகள் ஜெயஷீலாவுக்குப் போன் போட்டாள். குரல் அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்டது.

"ஏட்டி, கெட்டி வச்ச மூட்டையெல்லாம் அவுத்துப் போடு. எல்லா வீட்டுலயும் போய்ச் சொல்லு. நாம எங்கயும் போகல."