மத்தியானத்தில் படித்துக் காட்டியது

வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர்கள் இருந்த பக்கத்தில் வீடு கிடைத்துவிட்டது என்றதும் அத்தை மூக்கின் மேல் விரலை வைத்தாள். அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதம். பிரெஞ்சுக் கொடி இறங்கி ஏழு வருஷம் ஆகப்போகிறது என்றாலும், அந்தத் தெருக்களுக்கு எங்களைப் போன்றவர்கள் குடிபோவது ஊருக்குப் புதுசு. மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே இரண்டு அறைகளை எங்களுக்கு விட்டார்கள். சாவி எதிர்வீட்டுக் கிழவர் கிளோத்திடம் இருந்தது. சைகோனில் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். அவரைப் போன்றவர்களுக்கு ஊரில் சொல்தா என்று பெயர்.

"மேல ஒண்ணுமில்ல மத்மசேல். எங்க அக்கா ஓதெத்தோட பழைய சாமான்தான். அவ பாரிசுக்குப் போயி ரெண்டு வருஷம் ஆவுது" என்றார்.

பேச்சு என்னோடுதான். பார்வை மட்டும் என் தங்கையின் காலில் இருந்தது. கிழவருக்கு இந்த வயதில் இது வேறா என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை தனக்கொடிக்கு இருபத்தாறு வயது. சின்ன வயதிலேயே அத்தை என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். அப்பா தங்கையை நாடகக் கம்பெனியோடு கூட்டிப் போய்விட்டார். எனக்கு எழுத்து வந்தது, அவளுக்கு ஆட்டம் வந்தது. நான் ஆரம்பப் பள்ளி வாத்தியாரம்மா ஆனேன். அவள் முறையாகப் பரதம் கற்று, நாலு ஊரில் பேர் வாங்கினாள். ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாது. போன வருஷம் கடலூரில் மேடைப்பலகை முறிந்து, இடது கணுக்கால் எலும்பு போயிற்று. பத்து மாதம் படுக்கை. எலும்பு கூடிவிட்டது, கால்தான் எல்லாவற்றையும் மறந்திருந்தது.

தை மாதம் வெளிநாடு போகும் குழு ஒன்றுக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் ஒரு வர்ணம் முழுதாக ஆடிக் காட்ட வேண்டும்.

"இதுவும் போச்சுன்னா என்னைக் கடல்ல தள்ளிட்டுப் போயிடுக்கா" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

நோட்டு என் யோசனைதான். அதை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். நோட்டுப் போட்டு எழுதினால் கழுதைக்குக்கூடக் கணக்கு வரும் என்று நம்புகிற வாத்தியாரம்மா நான். காலையில் அவள் ஆடுவாள். பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நான் வருவேன். மறுபடி மணி அடிக்க இரண்டரை ஆகும். சாப்பிட்டுவிட்டுக் கோரைப்பாயில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எந்த அடவு வந்தது, எது வரவில்லை, எந்தக் கால் பிந்தியது, எங்கே வலித்தது, எப்படித் திருத்தினாள், எல்லாம். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தால் படித்துக் காட்டுவதுதானே முறை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மடியில் விரல்கள் ஆடும்.

ஒரே மாதத்தில் அவள் தேறினாள். அரைமண்டி நின்றது. அலாரிப்பு முழுசாக வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பக்கத்துத் தெருக்களில் மத்தியானம் என்பது நடுராத்திரியை விட மோசம். வெயில் வெள்ளையாக நிற்கும். எல்லா ஜன்னல்களும் சாத்தியிருக்கும். காக்கை கத்தாது. உள்ளே பழைய சுண்ணாம்பும் ஈரமரமும் சேர்ந்த ஒரு வாடை.

ஆவணியில் ஒரு நாள் நான் படித்து முடித்து நோட்டை மூடினேன். மேலே தொம் என்றது.

"பெருச்சாளி" என்றேன்.

தனக்கொடி உதட்டின் மேல் விரலை வைத்தாள். மறுபடி தொம். தொம், தொம். உத்திரத்திலிருந்து காரைத்தூள் பாயில் உதிர்ந்தது.

"அக்கா, அது என் அடவு" என்று கிசுகிசுத்தாள். "இடது கால் பிந்துது பாரு. இப்பப் படிச்சியே, அந்தத் தப்பு."

தப்பு நாலு முறை வந்தது. ஐந்தாவது முறை வரவில்லை. நான் படித்துக் காட்டிய திருத்தத்தின்படி, மேலே கால் சரியாக விழுந்தது.

ஓடிப் போய்க் கிளோத்தை எழுப்பினேன். மறுபேச்சுப் பேசாமல் வந்து மாடியைத் திறந்துவிட்டார். தரையில் இரண்டு வருஷத்துத் தூசி, மேல்துண்டை விரித்த மாதிரி. ஒரு காலடி இல்லை. சுவரோரம் ஒரு ஒற்றைக் கட்டில். எங்கள் பாய்க்கு நேர் மேலே இருக்கும் இடத்தில் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.

அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

கிளோத் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "ஓதெத்துக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. மார்கரீத். பொறந்ததுலேருந்து ரெண்டு காலும் விளங்காது. கீழ யாராவது பேசுனா கட்டில்லேருந்து சரிஞ்சி வந்து தரையில காதை வச்சிக்கும். இருபது வயசு வரைக்கும் அதான் அதுக்குப் பொழுதுபோக்கு" என்றார்.

"இப்ப எங்க?"

"கல்லறையில."

அன்றே மூட்டை கட்டியிருக்க வேண்டும். தனக்கொடி கேட்கவில்லை. இந்த வீட்டில்தான் கால் திரும்ப வந்தது, தை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்வோம் என்றாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் சரி என்றேன். பாவம், பாவம் என்று பார்த்தால் பாவம் ஏழு சுற்றுச் சுற்றிக்கொள்ளும் என்பார்கள்.

மறுநாள் காலையில் அவளுக்கு அந்த அடவு வரவில்லை. தப்பாகக்கூட வரவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவள் காலுக்குத் தெரியவில்லை. முந்தின நாள் வரை ஆடியதுதான்.

புரட்டாசிக்குள் எங்களுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மேலே எது சரியாக வந்ததோ, அது கீழே இவள் காலை விட்டுப் போயிற்று. அலாரிப்பு போயிற்று. ஜதிஸ்வரம் பாதிக்கு மேல் போயிற்று. நான் நோட்டை மூடி வைத்தேன். பதினோரு நாள் படிக்கவில்லை. போனது எதுவும் திரும்பவில்லை. பன்னிரண்டாம் நாளிலிருந்து மத்தியானம் ஆனால் மேலே விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

டொக்.

கொஞ்சம் பொறுத்து, டொக்.

கதவைத் திறந்தால் வாசலில் கிளோத், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் நிறுத்திட்டீங்க மத்மசேல்? படிங்க. நான் தெனமும் இங்க நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு அடி எடுத்து வைக்காத புள்ள அது. இப்ப ஆடுது." கண்ணீர் தாடையில் வழிந்தது, துடைக்கவில்லை.

"என் தங்கச்சி கால எடுத்துக்கிட்டு ஆடுது முசே."

"தெரியும்" என்றார். "வந்த அன்னைக்கே அந்தக் காலைப் பார்த்துட்டுதான் சாவியக் குடுத்தேன்."

அவர் முகத்தில் கதவைச் சாத்தினேன்.

மார்கழி பிறந்தது, நோட்டு மூடியே கிடந்தது. வர்ணம் மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது, அதுவும் கிழிந்த துணி. விடியற்காலையில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவகிட்டேருந்து எப்படியாச்சும் திருப்பி வாங்கிக் குடுக்கா. நீ படிச்சவதானே."

படித்தவளுக்குத்தான் புத்தி அப்படிப் போயிற்று. வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகக் கற்றுக்கொண்டால் அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்போம். மேலே இருப்பதும் தப்பாகக் கற்கட்டும், விழட்டும். விழுந்தால் கையில் பிடித்திருப்பதை விட்டுவிடும். அப்படித்தான் நினைத்தேன். தனக்கொடியிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் நோட்டைப் பிரித்தேன். எழுதியிருந்தது ஒன்று, உரக்கப் படித்தது வேறு.

"இடது பாதத்தை உள்பக்கம் திருப்பி, பாரத்தை எல்லாம் அதன் மேல் போட்டு..."

தனக்கொடி கண்ணைத் திறந்தாள். "அக்கா, அப்படி இல்ல."

"...வலது காலை உயரத் தூக்கி, குதித்து..."

"அக்கா, அப்படி வச்சா கணுக்கால் மடங்கிடும்."

நான் நிறுத்தவில்லை. மேலே கால்கள் எழுந்தன. நான் சொன்னபடியே, அவ்வளவு நம்பிக்கையாக, ஒரு அடி. இன்னொரு அடி. பிறகு குதித்தது.

எலும்பு முறிகிற சத்தம் மேலே கேட்கவில்லை.

என் பக்கத்தில் கேட்டது.

தனக்கொடி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அசையவே இல்லை. அவள் இடது பாதம் மட்டும் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

உட்கார்ந்த இடத்தில் எப்படியம்மா கால் மூன்று இடத்தில் முறியும் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். என் தங்கையை என் வாயாலேயே முறித்தேன் என்றா சொல்வேன். தையில் சென்னையிலிருந்து வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். அவளால் இனி நிற்க முடியாது என்று ஆயிற்று.

மாசியில் ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் ஒரு கூரை வீட்டுக்கு மாறினோம். மேலே ஓலையும் வானமும்தான். அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டை எடுத்தேன். தனக்கொடி ஒரு வார்த்தை பேசுவதில்லை. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஓலையைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பங்குனியில் ஒரு மத்தியானம், கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தபோது வாயைத் திறந்தாள்.

"நோட்டைப் படி."

"வேணாம்டி."

"அன்னைக்கு மாத்திப் படிச்ச மாதிரி இல்லாம, எழுதுனது எழுதுனபடி படி."

அதைத்தானே கேட்கிறாள், இதையாவது செய்வோம் என்று பெட்டியிலிருந்து எடுத்தேன். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வர்ணத்தின் முதல் பக்கத்திலிருந்து ஒரு எழுத்து விடாமல் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முகம் தெளிந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உதட்டில் சிரிப்பு வந்தது. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டே போனேன்.

எங்கேயோ தொம், தொம் என்று கேட்டது.

ஓலையைப் பார்த்தேன். ஒரு தூசி உதிரவில்லை.

பிறகுதான் தனக்கொடி எனக்கு வெகு கீழே படுத்திருப்பதைக் கவனித்தேன். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தவள் நான். இப்போது முழங்கால்கள் இரண்டு பக்கமும் விரிய அரைமண்டியில் நின்றுகொண்டிருந்தேன். என் புடவை தொடை வரை வியர்வையில் நனைந்திருந்தது. என் ஆயுளில் நான் ஒரு அடவு கற்றதில்லை.

தனக்கொடி கண்ணைத் திறந்து என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"இடது கால் இன்னும் பிந்துது" என்றாள் மெதுவாக, அன்பாக. "திரும்பப் போடு மார்கரீத்து."

நான் படிப்பதை நிறுத்தினேன். நோட்டை மூடித் தரையில் போட்டேன்.

கால் நிற்கவில்லை.